தெலுக் ஆயர் கரையிலிருந்து இராவதி வான்வெளி வரை

சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்தில் தெலுக் ஆயர் என்றொரு தெரு உண்டு. மலாய் மொழியில் தெலுக் என்பது குடாவையும் ஆயர் என்பது நீரையும் குறிக்கும். பெயரில் கடல் இருக்கிறதே ஒழியத் தெருவில் கடல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் அலைகள் தொலைவுக்குப் போய்விட்டன. இன்று அங்கு வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆயின் 1820களில் அத்தெருவே கடற்கரை. படகிலிருந்து இறங்கியவன் ஈரக் காலோடு ஏறி நின்ற இடம் அதுதான்.

அவ்வாறு ஏறி நின்றவன் முதலில் செய்தது யாது? கும்பிட்டான், தொழுதான், உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொன்னான். அந்த நன்றியே அத்தெருவில் கல்லாகவும் சுதையாகவும் நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் ஆண்டவரின் நினைவாக அங்கே ஒரு தர்காவை எழுப்பினர். நாகூர் சாகுல் அமீது ஆண்டகை முகச்சவரம் செய்துகொண்டிருந்த வேளையில் கையிலிருந்த கண்ணாடியை வீசி, நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலின் துளையை அடைத்துக் காத்தார் என்பது கடலோடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை. கப்பலேறியவர்கள் அவரை நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. அதே தெருவில், சில அடி தூரத்தில், ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹொக் கெங் ஆலயம் உள்ளது. அதன் தலைமைத் தெய்வம் மாசூ; அவளும் கடலில் செல்வோரைக் காப்பவளே. இன்னும் சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஓலைக் குடிசையாய்த் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' என்று தமிழிலேயே பெயர் பெற்றது. சவுத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை 1827இல் அமைத்த மாரியம்மன் கோயிலைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் மணிமேகலா தெய்வம் நினைவுக்கு வராமல் போகாது. கோவலனின் முன்னோன் ஒருவன் கலம் கவிழ்ந்து கடலில் தத்தளித்தபோது அத்தெய்வம் காத்தது. அந்த நன்றியால்தான் மாதவி பெற்ற மகளுக்கு மணிமேகலை என்று கோவலன் பெயரிட்டான் என்பது சிலப்பதிகாரச் செய்தி. இத்தெய்வம் தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. சயாமிலும் கம்போசத்திலும் மேகலா என்ற பெயரில் இன்றும் ஆடரங்குகளில் தோன்றுகிறாள். அவள் கையிலுள்ள மணியைச் சுழற்ற மின்னல் பிறக்கிறது. அவளைத் துரத்தும் அரக்கன் கோடரியை வீச இடி முழங்குகிறது என்பது அவர்கள் கதை. பௌத்த சாதகக் கதைகளில் ஒன்றிலோ, சுவர்ணபூமிக்குக் கப்பலேறிய மகாசனகன் என்னும் இளவரசன் கலம் உடைந்து நீந்துகையில் மணிமேகலாவே வந்து தூக்கிச் செல்கிறாள். சுவர்ணபூமி என்ற பெயர் இக்கட்டுரையில் மீண்டும் ஒருமுறை வரும்.

கடற்பயணக் காலம் நீண்டது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஆளேற்றி வந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற கப்பல் அது. 1973இல் அதன் ஓட்டம் நின்றது. பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்தோடு தமிழகத்துக்கும் மலாயாக் கரைக்கும் இடையிலான பயணிக் கப்பல் போக்குவரத்து ஓய்ந்தது. வங்கக் கடல் சீறும்போது கப்பலில் என்ன நடக்கும் என்பது அக்காலத்தவர் நன்கறிந்தது. பயணி பாயில் சுருண்டு படுத்துவிடலாம். கலாசி படுக்க முடியாது. கயிற்றைக் கட்டவும், மூடிகளை இறுக்கவும், சமையற்கட்டில் கொதிக்கும் அண்டாவைப் பிடித்து நிறுத்தவும் அவன் நின்றே ஆகவேண்டும். ஆடும் தளத்தில் நிற்பவனுக்கே முதல் அடி. இந்த ஏற்பாடு கப்பலோடு ஒழிந்துவிட்டதா, வானத்துக்கும் ஏறிவிட்டதா என்பதே கேள்வி.

வானம் திறந்த வரலாறு

புறநானூற்றுப் புலவர் ஒருவர் ஓட்டுவோன் இல்லாமலே செல்லும் வானவூர்தியைப் பாடியதுண்டு. அதைக் கொண்டு பழந்தமிழர் விமானம் ஓட்டினர் என்று வாதிடுவது வீண்வேலை. நல்வினை செய்தோர் ஏறும் தெய்வ ஊர்தியையே புலவர் குறித்தார். சிங்கப்பூர் வானில் மெய்யாகவே ஓர் ஊர்தி எழுந்தது 1911 மார்ச் 16ஆம் நாள். பெல்ஜியம் நாட்டு ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்பவர் தேக்காவை அடுத்த ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து தம் விமானத்தைக் கிளப்பிக் காட்டினார். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் சுமித் குழுவினர் இறங்கியதும் அதே திடலில்தான். சிராங்கூன் சாலைத் தமிழர்கள் வாசலிலேயே நின்று விமானம் பார்த்த காலம் அது.

பிறகு வளர்ச்சி விரைந்தது. 1930இல் சிலேத்தார், 1937 ஜூன் 12இல் காலாங், 1955 ஆகஸ்டில் பாய லேபார், 1981 ஜூலையில் சாங்கி என்று நிலையம் மாறிக்கொண்டே வந்தது. 1934 டிசம்பரில் இலண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தொடங்கிய வான்வழி அஞ்சல் தடம் கல்கத்தா, அக்யாப், இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் வழியாகச் சிங்கப்பூரைத் தொட்டது. அன்றைய விமானங்கள் சில ஆயிரம் அடி உயரத்தில், மேகங்களுக்கு ஊடேயும் அடியிலும் பறந்தன. புகழ்பெற்ற ஆஸ்திரேலிய விமானி கிங்ஸ்ஃபோர்டு சுமித் 1935 நவம்பர் 8ஆம் நாள் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூர் நோக்கி இரவில் பறந்து வருகையில் அந்தமான் கடற்பகுதியில் மறைந்துபோனார். பர்மியக் கரையோரத்தில் விமானத்தின் ஒரு பகுதி மட்டும் 1937இல் கிடைத்தது. பர்மாவை ஒட்டிய அந்த வான்வெளி எளிதானதன்று என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1947 மே 1ஆம் நாள் மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் ஐந்து பயணிகள் அமரும் சிறு விமானங்களைக் கொண்டு தன் சேவையைத் தொடங்கியது. அவற்றில் தள்ளுவண்டிக்கு இடமேது? பெயரும் பங்கும் பலமுறை மாறி, 1972 அக்டோபர் 1இல் அதிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனியே பிரிந்தது.

காற்று விமானத்தையே உடைத்த நாட்கள் இருந்தன. அவற்றுள் சிங்கப்பூரோடு நேரடித் தொடர்புள்ளது 1953 மே 2ஆம் நாள் நிகழ்ந்தது. சிங்கப்பூரிலிருந்து இலண்டன் செல்லும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் காமெட் ஜெட் விமானம் கல்கத்தாவின் தம் தம் நிலையத்திலிருந்து மேலெழுந்த சில நிமிடங்களில் இடிமழைப் புயலில் சிக்கிச் சிதறியது. உள்ளிருந்த 43 பேரும் மாண்டனர். காமெட் விமானங்கள் பயணிகளை ஏற்றத் தொடங்கிய முதலாண்டு நிறைவுநாள் அன்று. கோடையில் வங்காளத்தில் பிற்பகல் கடந்து வீசும் சுழற்காற்று மழையை அந்நாட்டார் கால்பைசாகி என்பர். அதன் வீச்சினாலோ, அந்த வீச்சை எதிர்த்து விமானி கைப்பிடியை மிகையாக இழுத்ததனாலோ, தாங்கும் அளவை மீறிய சுமை ஏற்பட்டுக் கட்டமைப்பு முறிந்தது என்று விசாரணை முடிவு கூறியது. அடுத்த ஆண்டு கடலில் விழுந்த இரு காமெட் விமானங்களின் கதை வேறு. அவை உலோகச் சோர்வால் பிளந்தவை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதும் பழக்கம் இன்றும் உண்டு. அது தவறு.

1966 மார்ச் 5ஆம் நாள் தோக்கியோவிலிருந்து ஹாங்காங் புறப்பட்ட போயிங் 707 ஒன்று தெளிந்த வானத்தில், பூஜி மலையருகே, மலையைத் தாண்டி வரும் காற்றலையில் சிக்கி உடைந்தது. 124 பேர் இறந்தனர். மேகமே இல்லாத இடத்திலும் காற்று கொல்லும் என்பதை உலகம் அன்று கண்டது.

காற்று ஏன் கொந்தளிக்கிறது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. ஓடும் ஆற்றில் பாறை இருந்தால் அதற்குப் பின்னே நீர் சுழிக்கிறது. மலையைத் தாண்டும் காற்றும் அவ்வாறே. வேகமாக ஓடும் காற்றாறும் மெல்ல ஓடும் காற்றும் உயரத்தில் உரசும் இடத்தில் மற்றொரு வகைச் சுழிப்பு; இதுவே தெளிவான் கொந்தளிப்பு. மூன்றாவது, வெப்பமண்டலத்தில் நாள்தோறும் எழும் இடிமேகம். சூடான ஈரக்காற்று புகைபோக்கியில் ஏறுவது போல் மேலேறிச் சில நிமிடங்களில் பல்லாயிரம் அடி வளர்ந்துவிடும். அதன் வயிற்றினுள் மட்டுமன்றித் தலைக்கு மேலும் காற்று அமைதியாயிராது. விமானத்து ராடார் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டே மேகத்தை அறிகிறது. துளி இல்லாத தெளிவான்கொந்தளிப்பு அதற்குத் தெரியாது. உச்சியில் பனித்துகளாய் உறைந்துவிட்ட மேகமும் மங்கலாகவே தெரியும்.

இதற்குத் தமிழில் என்ன சொல் வேண்டும் என்பதில் இதழ்களிடையே ஒற்றுமையில்லை. குலுக்கம், ஆட்டம், அதிர்வு என்றெல்லாம் எழுதுகிறார்கள். குலுக்கம் என்பது கரடுமுரடான சாலையில் பேருந்து படுவது. அதிர்வு இயந்திரத்துக்கு உரியது. கடலுக்குச் சொன்ன கொந்தளிப்பு என்ற சொல்லே காற்றுக்கும் பொருந்தும். காற்றும் ஒரு கடலே. ஆனால் அதைவிடத் திருத்த வேண்டிய சொல் ஒன்றுண்டு. அதைப் பின்னே பார்க்கலாம்.

எட்டு விநாடி

2024 மே 20ஆம் நாள் இரவு இலண்டன் ஹீத்ரோவிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்சின் எஸ்கியூ321 விமானம் புறப்பட்டது. போயிங் 777 வகை. 211 பயணிகளும் 18 சிப்பந்திகளும் இருந்தனர். ஏறத்தாழப் பத்து மணி நேரம் கழிந்து, மறுநாள், மியன்மாரின் இராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே 37,000 அடி உயரத்தில் உணவு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்ததைச் சிங்கப்பூர்ப் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு விநாடி விநாடியாகப் பிரித்துக் காட்டியது. விமானத்தின் பதிவுக் கருவிகளிலிருந்து எடுத்த அந்த முதற்கட்ட விவரம் 2024 மே 29ஆம் நாள் வெளியாயிற்று.

சிங்கப்பூர் நேரம் பிற்பகல் 3 மணி 49 நிமிடம் 21 விநாடி. வளர்ந்துவந்த இடிமேகப் பகுதிக்கு மேலே விமானம் சென்றிருக்கலாம் என்று அறிக்கை கூறுகிறது. மெல்லிய நடுக்கம் தொடங்குகிறது. யாரும் ஏற்றாமலே விமானம் தானாக உயர்ந்து 37,362 அடியை எட்டுகிறது. 32ஆம் விநாடியில், இருக்கை வார் விளக்கு எரிகிறது என்று விமானிகளில் ஒருவர் கூறுகிறார். 40ஆம் விநாடியில் அடி விழுகிறது.

புவியீர்ப்பின் 1.35 மடங்காக இருந்த செங்குத்து விசை, 0.6 விநாடியில் எதிர்த்திசையில் 1.5 மடங்காக மாறியது. எண்ணைச் சொன்னால் விளங்காது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரை, எழுபத்தைந்து கிலோவுக்கு ஈடான விசை கூரையை நோக்கி இழுத்தது என்று கொள்க. உண்மையில் அவர் மேலே பறக்கவில்லை. விமானம் அவரைவிட்டு விரைந்து கீழே இறங்கியது. கூரை வந்து தலையில் மோதியது. அடுத்த நான்கு விநாடிக்குள் விசை திரும்பவும் நேராகி 1.5 மடங்கானது. அந்தரத்தில் இருந்தவர்கள் தரையிலும், இருக்கைக் கைப்பிடிகளிலும், ஒருவர்மேல் ஒருவராகவும் விழுந்தனர். விமானிகள் கட்டுப்பாட்டைக் கையிலெடுத்து 21 விநாடியில் விமானத்தை நிலைநிறுத்தினர். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

32ஆம் விநாடிக்கும் 40ஆம் விநாடிக்கும் நடுவே எட்டு விநாடி இருந்தது. இருக்கையில் சாய்ந்திருந்த பயணிக்கு வாரைத் தேடி மாட்ட எட்டு விநாடி போதும், தூங்காமல் இருந்தால். நடைபாதையின் நடுவில், தட்டுகளும் பானங்களும் நிறைந்த தள்ளுவண்டியோடு நிற்கும் சிப்பந்திக்கு அது போதுமா? வண்டியின் தடையை மிதிக்க வேண்டும். அதன் மேலுள்ள கொதிநீர்க் குவளையைக் கீழே இறக்க வேண்டும். பக்கத்திலிருப்பவரை வார் போடச் சொல்ல வேண்டும். பிறகுதான் கதவோரத்தில், விமானத்தின் கோடியில் உள்ள தம் மடக்கு இருக்கைக்கு ஓட வேண்டும். அந்த இருக்கையில் தோளுக்கும் இடுப்புக்கும் உறுதியான வார்கள் உண்டு. ஆனால் அது முப்பது வரிசைக்கு அப்பால் இருக்கலாம். பயிற்சியில் அவர்களுக்குச் சொல்வது, அவ்வளவு தூரம் ஓடாதே, கிடைத்த காலி இருக்கையில் உட்கார், அதுவும் இல்லையேல் தரையில் அமர்ந்து எதையேனும் இறுகப் பற்றிக்கொள் என்பதே. வண்டியையும் ஒருவர் பற்றியிருக்க வேண்டும். இல்லையேல் அது எறிகல்லாகிவிடும்.

விமானம் பாங்காக்கின் சுவர்ணபூமி நிலையத்தில் உள்ளூர் நேரம் 3 மணி 45 நிமிடத்துக்கு இறங்கியது. 73 வயதான பிரிட்டிஷ் பயணி ஒருவர் இறந்திருந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்று கூறப்பட்டது. இரு நாட்களுக்குப் பின் மருத்துவமனை இயக்குநர் கூறியபடி 22 பேருக்கு முதுகெலும்பு அல்லது தண்டுவடக் காயம்; ஆறு பேருக்கு மண்டையோட்டிலோ மூளையிலோ காயம். காயமுற்றவர்களில் சிப்பந்திகளும் இருந்தனர். அடிபட்ட உடம்போடு அவர்கள் பயணிகளைக் கவனித்ததைப் பிற்பாடு பயணிகளே எடுத்துரைத்தனர்.

வரலாறு பயில்வோர் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிகழ்ந்த அன்று உலக இதழ்கள் பலவும் விமானம் ஆறாயிரம் அடி வீழ்ந்தது என்று எழுதின. பறக்கும் விமானங்களின் தடத்தைக் காட்டும் பொதுப் பதிவில் 37,000 அடி 31,000 அடியாகக் குறைந்ததைக் கண்டு அவ்வாறு முடிவு கட்டினர். பதிவுக் கருவி கூறும் உண்மை வேறு. கொந்தளிப்பின்போது விமானம் இறங்கியது 37,362 அடியிலிருந்து 37,184 அடிக்கு, அதாவது 178 அடிதான். எடுத்துக்கொண்ட நேரம் 4.6 விநாடி. ஆறாயிரம் அடி இறக்கம் அதற்குப் பதினேழு நிமிடம் கழிந்து, பாங்காக் நோக்கித் திரும்பும்போது விமானிகள் ஒழுங்காகச் செய்தது. 178 அடி என்பது சிங்கப்பூரின் பதினெட்டு மாடி அடுக்ககம் ஒன்றின் உயரம். அந்தச் சிறிய எண்ணே இத்தனை முதுகுகளை முறித்தது. பெரிய எண் பொய்; சிறிய எண்ணே அஞ்சத்தக்கது.

காமெட்டையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மாற்றம் புலப்படும். இன்னும் நெருக்கமான இணை ஒன்று வங்காளத்திலேயே உண்டு. 2022 மே 1ஆம் நாள் மும்பையிலிருந்து துர்காப்பூர் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானம் இறங்கும்போது கடுங்கொந்தளிப்பில் சிக்கியது. அதே மாநிலம், அதே பருவம், காமெட் உடைந்த நாளுக்கு 69 ஆண்டு நிறைய ஒரு நாள் குறைவு. விமானம் உடையவில்லை, துர்காப்பூரில் தரையிறங்கியது. உள்ளே பயணிகள் 14 பேரும் சிப்பந்திகள் 3 பேரும் காயமுற்றனர். காயமுற்ற பயணி ஒருவர் சில மாதங்களுக்குப் பின் மருத்துவமனையில் இறந்தார். 1953இல் காற்று கலத்தை உடைத்தது; உள்ளிருந்தோர் அனைவர்க்கும் ஒரே கதி. இன்றைய இறக்கை வளைந்து கொடுத்துத் தாங்கிக்கொள்கிறது. கலம் பிழைக்கிறது. கட்டிக்கொள்ளாதவர் மட்டும் அடிபடுகிறார். கட்டிக்கொள்ளாதிருப்பது பயணிக்கு அலட்சியம். சிப்பந்திக்கு அதுவே வேலை.

கணக்கும் இதையே காட்டுகிறது. அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பதிவுப்படி 2009 முதல் 2022 வரை அந்நாட்டு விமானங்களில் கொந்தளிப்பால் 163 பேர் கடுங்காயமுற்றனர். அவர்களில் பயணிகள் 34 பேர். சிப்பந்திகள் 129 பேர். ஒவ்வொரு விமானத்திலும் பயணிகள் நூற்றுக்கணக்கில், சிப்பந்திகள் சிலரே என்பதை நினைத்தால் இந்த ஐந்தில் நான்கு பங்கின் கடுமை விளங்கும். அதே நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 2009 முதல் 2018 வரை பயணி விமான விபத்துகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை கொந்தளிப்பைச் சார்ந்தவை என்று கண்டது.

பணிப்பெண் என்னும் சொல்

திருத்த வேண்டிய சொல் இதுவே. 'விமானப் பணிப்பெண்' என்று நெடுங்காலமாக எழுதி வருகிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணிப்பெண் என்றால் வீட்டுவேலைக்கு வந்தவரையும் குறிக்கும். எந்த வேலையும் இழிந்ததன்று. ஆயினும் ஒருவர் எதற்காக அங்கே இருக்கிறாரோ அதைப் பெயர் மறைக்கலாகாது. ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்று பல நாட்டுச் சட்டங்கள் விமானத்தில் சிப்பந்திகளை இருத்தச் சொல்வது காப்பி ஊற்றுவதற்கன்று. கதவைத் திறந்து ஆட்களை வெளியேற்றவும், தீயை அணைக்கவும், மயங்கியவரை எழுப்பவுமே சட்டம் அவர்களைக் கேட்கிறது. காப்பி நிறுவனம் கேட்பது.

தொடக்கமே அப்படித்தான். 1930 மே 15ஆம் நாள் அமெரிக்காவில் எல்லன் சர்ச் என்ற செவிலி, உலகின் முதல் பெண் விமானச் சிப்பந்தியாக ஓக்லந்திலிருந்து சிக்காகோவுக்குப் பறந்தார். அவர் விமானம் ஓட்டக் கற்றவர். ஓட்டுநர் இருக்கை கேட்டவருக்கு நிறுவனம் தந்தது நடைபாதை. தாழப் பறந்த விமானங்களில் பயணிகள் குலுங்கி வாந்தியெடுத்த காலத்தில், செவிலி இருந்தால் மக்கள் அஞ்சாமல் ஏறுவர் என்பது கணக்கு. ஆகவே அந்தப் பணி பிறந்ததே கொந்தளிப்பை முன்னிட்டுத்தான் எனலாம். பின்னர் விளம்பரம் செவிலியை மறைத்தது. சிங்கப்பூரில் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியேர் பால்மேன் 1968இல் உருவாக்கிய சாரோங் கெபாயா உடையும், 1972 முதல் பரவிய 'சிங்கப்பூர்ப் பெண்' விளம்பரமும் உலகப் புகழ் பெற்றன. அழகிய உடை, ஐயமில்லை. அந்தப் படங்களில் தீயணைப்பான் பிடித்த கை ஒன்றையும் காணோம் என்பதே குறை. சிப்பந்தி என்ற சொல் இந்நாட்டு இதழ்களில் வழக்கிலிருப்பது நல்லது. ஆண்களுக்கும் அது பொருந்தும்.

எஸ்கியூ321க்குப் பின் ஏற்பட்ட மாற்றங்கள் சிறியவை போலத் தோன்றும். இருக்கை வார் விளக்கு எரியும்போது சூடான பானங்களை நிறுத்துவது முன்பே வழக்கம். அந்நிகழ்வுக்குப் பின் உணவு பரிமாறுதலையும் நிறுத்தி, சிப்பந்திகளும் தம் இருக்கைக்குச் சென்று வார் மாட்ட வேண்டும் என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விதித்தது. இதனால் சில பயணங்களில் சோறு தாமதமாகும் என்று முணுமுணுத்தவர் உண்டு. தாமதமாகட்டும். கொரியன் ஏர் நிறுவனம் 2024 ஜூலை முதல், தரையிறங்க நாற்பது நிமிடம் இருக்கும்போதே உபசரிப்பை முடித்துக்கொள்ளத் தொடங்கியது. முன்பு அது இருபது நிமிடம். அதே ஆகஸ்டு 15 முதல் சாதாரண வகுப்பில் குவளை நூடல்சையும் நிறுத்திவிட்டது. கொதிநீர் ஊற்றிய குவளை நெருக்கமான இருக்கைகளுக்கு மேலே கைமாறும்போது விமானம் ஆடினால் வெந்து போவது யார் என்பது வெளிப்படை.

மேலும் ஒரு செய்தி அடிக்கடி தவறாகப் பொருத்தப்படுகிறது. வட அட்லாண்டிக் வான்வெளியில் கடுமையான தெளிவான்கொந்தளிப்பு 1979இல் ஆண்டுக்கு 17.7 மணி நேரமாக இருந்தது 2020இல் 27.4 மணி நேரமாகக் கூடியது, அதாவது 55 விழுக்காடு உயர்ந்தது என்று ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டனர். புவி வெப்பமடைதலோடு அவர்கள் இதை இணைக்கின்றனர். இராவதிப் படுகையில் நிகழ்ந்தது பற்றி எழுதிய பலர் இந்த எண்ணை அப்படியே எடுத்தாண்டனர். அட்லாண்டிக் கணக்கு காற்றாறுகளின் உரசலைப் பற்றியது. இராவதியில் விசாரணையாளர் சுட்டியது இடிமேக வளர்ச்சியை. இரண்டுக்கும் வெப்பம் காரணமாகலாம். ஆனால் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் மேல் ஏற்றுவது வரலாற்று முறையன்று.

எஸ்கியூ321 நிகழ்ந்து சரியாக ஓராண்டு கழிந்து, 2025 மே 21ஆம் நாள், தில்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ விமானம் பத்தான்கோட்டு அருகே ஆலங்கட்டிப் புயலில் நுழைந்தது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே வான்வெளி மூடப்பட்டிருந்த நாட்கள் அவை. புயலை விலக்கிச் செல்லச் சிறிது நேரம் எல்லை தாண்ட விமானி லாகூர்க் கட்டுப்பாட்டு நிலையத்திடம் அனுமதி கேட்டார்; கிடைக்கவில்லை. திரும்பிப் போகவும் வழியின்றிப் புயலின் ஊடாகவே செலுத்தி ஸ்ரீநகரில் இறக்கினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் உள்ளிருந்தனர். விமானத்தின் மூக்கு உடைந்து நொறுங்கியிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை.